தண்ணீரில் இறக்கம் இல்லை

அல்லிநகரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது அந்த அண்ணன் வந்தார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியை நிறுத்தி, இரண்டு காலாலும் அதை அணைத்துப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவருக்கு என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருடைய ஜீப்பில் நான் சில வருடங்கள் கிளீனராக இருந்திருக்கிறேன்.

“ஏலே, நீயா? நீ கேரளாவுல கல்யாணம் முடிச்சு அங்கனயே தங்கிட்டன்னுல்ல சொன்னாக?”

“யாருண்ணே சொன்னது? கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கனதான் கெடக்கேன்.”

முன்பெல்லாம் இதற்கு ஏதாவது எதிர்ப்பேச்சு பேசியிருப்பார். அன்று பேட்டரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “தம்பி போயிட்டான், தெரியும்ல?” என்றார்.

தெரியும். கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. வர முடியவில்லை. பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்துச் சோதித்தேன். அது ஜீப்புப் பேட்டரி போலவே இருந்தது. முனைகளில் பச்சை பூத்து, பக்கவாட்டில் உப்பி, உள்ளே உயிர் இல்லாமல்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல், இந்தப் பேட்டரி வந்த படகைப் பற்றிச் சொல்ல முடியாது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் மெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும் வண்டி அது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் முதலில் ஏறிய வேலை அதுதான். வண்டி அண்ணனுடையது. அவர் ஓட்டுவார். அவருடைய தம்பியும் நானும் பின்னால் தொங்கிக்கொண்டு போவோம்.

அந்த வண்டிக்கு நல்ல பேட்டரி இருந்து நான் பார்த்ததே இல்லை. மலைவண்டிக்காரர்கள் யாரும் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். எங்கே நிறுத்தினாலும் முகப்பு இறக்கத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை எடுத்து, வண்டி உருண்டதும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இறக்கம் கிடைக்காத இடத்தில் தள்ளுவதற்கு நாங்கள் இருவரும் இருந்தோம். நாங்கள் போதாவிட்டால் பெண்கள் இறங்குவார்கள்.

“ஏலே, நாங்க ஏலக்கா எடுக்க வந்தமா, ஒன் வண்டியத் தள்ள வந்தமா?”

“தள்ளுங்க சின்னம்மா, ஒடம்புக்கு நல்லது.”

“ஒடம்பு நல்லா இருந்தா நான் ஏன்டா ஒன் வண்டில வாரேன்? நடந்தே போயிருவேன்ல.”

சாவியைத் திருகியதும் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்து நின்றுபோனால், எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் தம்பியும் நானும் கீழே நிற்போம்.

பிறகு நான் கிளம்பிவிட்டேன். ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் தெரியாது. எந்த இடத்திலும் சில வருடங்களுக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஆலப்புழையில் தங்கும் படகுகளில் வயரிங் வேலைக்கு உதவியாளாக இருந்தேன். சாப்பாடு கிடைத்தது, சமையலறைத் தரையில் தூங்க இடம் கிடைத்தது, வேலையும் கொஞ்சம் படிந்தது. அப்புறம் கொல்லம், கொச்சி. முதுகுவலி வந்ததும் ஊருக்குத் திரும்பினேன்.

அண்ணனுக்கும் முதுகு போய்விட்டிருந்தது. மலையில் வண்டி ஓட்ட முடியாமல் ஜீப்பை விற்றுவிட்டார். தம்பியின் மனைவிக்கு வைகை அணைத் தண்ணீர் ஓரத்தில் ஒரு ஊர். இரண்டு குடும்பமும் அங்கே போய்விட்டது. அணையில் மீன்பிடிப்பவர்கள் பரிசலில் போய் வலை போடுவார்கள். தண்ணீர் விரிந்து கிடக்கும்போது பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவருவதிலேயே அவர்களுடைய நேரம் போய்விடும். ஒரு எஞ்சின் படகு இருந்தால் ஒவ்வொரு பரிசலாகப் போய் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கேரளாவில் ஓடிப் பழசான ஒரு ஃபைபர் படகை வாங்கினார்கள். பின்னால் தொங்கும் பெட்ரோல் எஞ்சின். ஜிலேபி மீனை உயிரோடு கொண்டுவந்தால் தேனியில் உடனே போய்விடும் என்பதால் நடுவில் ஒரு தொட்டி, தொட்டித் தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். படகு பழசு, அடியில் தண்ணீர் கசியும். அதை இறைக்க இன்னொரு மோட்டார். இருட்டில் கிளம்புவதால் ஒரு விளக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. எஞ்சினைக் கிளப்புவதற்கும் அதே பேட்டரி.

கயிற்றை இழுத்தும் அந்த எஞ்சினைக் கிளப்பலாம். அதன் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. செல்ஃப் இருக்கும்போது கயிறு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

போன ஆடியில், காற்று அடித்த ஒரு காலையில், தண்ணீருக்குள் சுற்றும் எஞ்சின் விசிறியில் ஒரு பழைய வலை சிக்கியது. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு வலையை அறுத்தெடுத்தார். மறுபடி சாவியைத் திருகினார். கிளம்பவில்லை. காற்று படகை ஓரத்தில் பாதி மூழ்கி நின்ற கருவேல மரங்களின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் பின்னால் எஞ்சின் மேல் குனிந்திருந்தார். தம்பி முன்னால் இருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அண்ணன் திரும்பியபோது முன்னால் ஆள் இல்லை.

தண்ணீர் இறங்கிக் கிடக்கும் மாதங்களில் அந்த இடம் வெறும் நிலம். தம்பி அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். இடுப்பளவுதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கோடையில் வயல்களுக்கு வண்டல் அள்ளிய குழி அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. நீச்சலும் தெரியாது.

இதெல்லாம் அண்ணன் கடை வாசலில் நின்று சொன்னது. பிறகு வேறு ஒன்றும் சொன்னார்.

“அதுக்கு முந்துன நாளு வீட்டுல ஒரு சண்ட. மூத்த புள்ளயக் காலேசுல சேக்குறது சம்பந்தமா. பெரிய சண்டையெல்லாம் இல்ல. ஆனா அவன் தானா எறங்குனதத் தூரத்துப் பரிசல்ல இருந்து ஒருத்தன் பாத்துருக்கான். ஊருக்குள்ள என்ன பேசுறாகன்னா, நீச்சல் தெரியாதவன், பொண்டாட்டிகூடச் சண்ட போட்டுட்டு வந்தவன், தானா எறங்குனான்னா அதுக்கு என்ன அர்த்தம்னு.”

“மதினி என்ன சொல்றாக?”

“அவ ஒண்ணும் சொல்லல. ஏங்கிட்ட ஒரே ஒரு தடவ கேட்டா, ‘ஏன் மச்சான் எறங்குனாக?’ன்னு. நான் பாக்கலயே. எனக்கு முதுகுப் பக்கம்ல நடந்துச்சு. என்னான்னு சொல்ல?”

ஒரு வருடமாகப் படகு கரையில் கட்டிக் கிடந்தது. அதில் பாதி தம்பியின் மனைவியான மதினியுடையது. அதை விற்கவும் அவர் சம்மதிக்கவில்லை, ஓட்டவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். படகை மறுபடி விடுவதென்றால் தானும் அதில் ஏறுவார். அதே இடத்துக்குப் போக வேண்டும். அங்கே எஞ்சினை நிறுத்த வேண்டும். மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு.

“அதான் புதுப் பேட்டரி ஒண்ணு வாங்கலாம்னு வந்தேன்” என்றார் அண்ணன்.

“ஒண்ணு பத்தாதுண்ணே. ரெண்டு வேணும்” என்றேன்.

கடை முதலாளியிடம் விடுப்புச் சொல்லிவிட்டு நான் அங்கே போனேன். அணைத் தண்ணீரை ஒட்டி ஒரு பத்து வீடு இருக்கும். மதினி வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியும். அவருடைய கல்யாணத்துக்கு ஜீப்பைச் சோடித்தது நான்தான். “வாங்க தம்பி” என்றார். காபி கொடுத்தார். அழவில்லை. நானும் துக்கம் கேட்பதற்குரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படகுக்குள் இருந்த வயரை முதலில் முழுக்கப் பிடுங்கினேன். வீட்டுச் சுவரில் போடும் வயரைப் போட்டு, கையால் முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். முறுக்கின இடமெல்லாம் உள்ளே கறுத்துப் போயிருந்தது. ஈரத்தில் செம்பு அப்படித்தான் ஆகும். வெள்ளீயம் பூசிய வயர் வாங்கி வந்திருந்தேன். எஞ்சினுக்குப் போகும் கேபிளைக் கட்டைவிரல் தடிமனுக்குப் போட்டு, முனைகளை நெருக்கிப் பிடித்து, ஈரம் ஏறாமல் உறை போட்டேன். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை அடித்தண்ணீர் தொடாத உயரத்தில், பின் பலகைக்குக் கீழே ஒரு பெட்டியில் வைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். இரண்டாவது பேட்டரி நடுவில், தொட்டிக்குப் பக்கத்தில். விளக்கு, இறைக்கும் மோட்டார், காற்று மோட்டார் மூன்றும் அதில். எஞ்சின் ஓடும்போது முதல் பேட்டரி நிறையும். அது நிறைந்த பிறகு ஒரு ரிலே தானாகத் திறந்து இரண்டாவதற்கு விடும். எஞ்சின் நின்றதும் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். இரண்டாவது எவ்வளவு தீர்ந்தாலும் முதலாவதைத் தொடாது.

அண்ணன் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரித்து வைப்பது பிடிபடவில்லை.

“ரெண்டையும் சேத்துக் கட்டிட்டா பலம் கூடும்ல?”

“சேத்துக் கட்டுனா ரெண்டும் சேந்துதாண்ணே சாகும்.”

சொன்ன பிறகுதான் மதினி கரையில் நிற்பது தெரிந்தது. எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். தூக்குவாளியைப் படகுக்குள் நீட்டிவிட்டு, “அப்ப தனியாவே கட்டுங்க தம்பி” என்றார்.

பிறகு அவரே கேட்டார். “விளக்க அமத்த மறந்துட்டா?”

“நடுவுல இருக்கது தீரும் மதினி. இது அப்பிடியே இருக்கும்.”

“அந்த மீன் மோட்டாரு?”

“அதுவும் நடுவுல உள்ளதுலதான்.”

“இந்தச் செவப்புத் திருகு எதுக்கு?”

“ஒருவேள எஞ்சின் பேட்டரிக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா, இதத் திருகுனா நடுவுல உள்ளது கை குடுக்கும். அவசரத்துக்கு மட்டும். மத்த நேரம் தொடக்கூடாது.”

அவர் குனிந்து அந்தப் பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மாடு சினையாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. கரையில் வைத்தே கிளப்பிக் காட்டினேன். சாவியைத் தொட்டதும் பிடித்தது. “சரி, நாளக் கழிச்சு வெள்ளிக்கெழம போவோம்” என்றார்.

கயிற்று ஸ்பிரிங்கையும் மாற்றிவிட நினைத்தேன். தேனியிலும் மதுரையிலும் கிடைக்கவில்லை. கொச்சிக்குச் சொல்லிவிட்டிருந்தேன். அது வரவில்லை.

நடுவில் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு, வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். மதினி நடுப்பலகையில், சேலையை இறுக்கிச் செருகி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பலகைதான் மிச்சம். அது யார் உட்கார்ந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஏறிக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது. காற்று மேற்கிலிருந்து ஒரே சீராக வந்தது. தண்ணீர் மேல் பரிசல்கள் வெகு தூரத்தில் கவிழ்த்த கூடைகள் மாதிரித் தெரிந்தன. கருவேல மரங்கள் தெரிய ஆரம்பித்ததும் மதினி கையைத் தூக்கினார்.

“நிப்பாட்டுங்க மச்சான்.”

“இங்கன காத்து இழுக்கும்த்தா. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிப்பாட்டுவோம்.”

“இங்கனதான?”

அண்ணன் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்.

“இங்கனதான மச்சான்?”

“இங்கனதான்.”

“அப்ப நிப்பாட்டுங்க.”

எஞ்சின் நின்றது. நின்ற பிறகுதான் காற்றின் சத்தம் காதில் விழுந்தது. மதினி தண்ணீரையே பார்த்தார். கலங்கல் தண்ணீர், உள்ளே ஒரு சாண் கூடத் தெரியாது. படகு மெல்லத் திரும்பி, முன்பக்கம் மரங்களைப் பார்க்க நகர ஆரம்பித்தது.

“கிளப்புங்க” என்றார்.

அண்ணன் சாவியைத் திருகினார்.

‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்.

அடுத்து நான் சொல்வதை நான் யோசித்துச் செய்யவில்லை. என் சட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். கழுத்துப் பட்டன் தெறித்தது. குனிந்து பார்த்தால் என் வலது கால் படகின் விளிம்புக்கு வெளியே இருந்தது. பாதம் தண்ணீருக்குள் இருந்தது. செருப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது.

“எங்க போறீக!” மதினி என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தள்ள” என்றேன்.

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மதினி சட்டையை விடவில்லை. “ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது மதினி.”

“இத்தன வருசமாப் படகுல வேல பாத்துருக்கீக.”

“ஆமா. தெரியாது.”

“பெறகு ஏன் கால வச்சீக?”

“நான் வைக்கல மதினி. செல்ஃப் அப்பிடி ‘டக்’னு நின்னா எறங்கிருவோம். நானும் அவரும். ஜீப்புல எத்தன வருசம். அது தானா வருது.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படகின் முனை ஒரு மரத்தின் கிளைகளில் போய் மோதி, முள் ஃபைபரில் கீறும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

“இப்பிடித்தானா?” என்றார்.

“இப்பிடித்தான் மதினி.”

பிடியை மெல்ல விட்டார். “மொத அந்தச் செவப்பத் திருகுங்க” என்றார்.

குனிந்தபடியே பின்னால் போய்த் திருகினேன். அண்ணனின் கை சாவி மேல் அப்படியே இருந்தது. அவருடைய விரலோடு சேர்த்து நானே திருகினேன். எஞ்சின் உடனே பிடித்தது. பின்னால் எடுத்து, மரத்தை விட்டு விலகி, படகைத் திறந்த தண்ணீருக்குக் கொண்டுவந்தேன். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் பேட்டரியின் முனைகளில் பல் பதிந்த தடம் இருந்தது. கிளிப் போட்டுக் கடிக்கவிட்ட தடம்.

“அண்ணே, இதுல என்ன மாட்டுனீக?”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். பரிசல்காரர்கள் முந்தின நாள் கேட்டார்கள். படகு கரையில்தானே கிடக்கிறது, தொட்டியில் காற்று மோட்டார் இருக்கிறது, வியாபாரி வண்டி வரும்வரை மீனைப் போட்டு வைக்கிறோம் என்று. போடச் சொல்லியிருக்கிறார். வண்டி சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. நடுப்பேட்டரி தளர்ந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, காற்று மோட்டாரை எஞ்சின் பேட்டரியில் மாட்டியிருக்கிறார். காலையில் கிளப்பிப் பார்த்தால் அது எழவில்லை. நிறைந்த நடுப்பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, சிவப்பைத் திருகிக் கிளப்பி, நான் வருவதற்குள் திருகைப் பழையபடி வைத்துவிட்டார். போகிற வழியில் ஏறிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

“மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. செத்துரும்னு... கொஞ்ச நேரந்தானன்னு...”

மலையில் எல்லாருமே அப்படித்தான் செய்வோம். எது கையில் கிடைக்கிறதோ அதிலிருந்து எடுத்து மாட்டுவோம். எப்படியும் ஒரு இறக்கம் வரும் என்று இருப்போம்.

மதினி திரும்பி அவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அண்ணனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“மீனு பொழச்சுச்சா?” என்றார்.

“பொழச்சுச்சு.”

தலையை ஆட்டிவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கரை வரும்வரை நான்தான் ஓட்டினேன்.

கரையில் மீன் எடை போடுகிறவர் தராசைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நாங்கள் எதற்குப் போனோம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“என்னத்தா, கிளம்புச்சா?” என்றார் எடை போடுகிறவர்.

“மொதல்ல கிளம்பல.” மதினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்து இறங்கினார். கரைக்கு வந்து, அவருக்கு நேராக நின்றார். “அவுக தள்ளத்தான் எறங்கிருக்காக.”

“என்னது?”

“வண்டியத் தள்ள எறங்குற மாதிரி எறங்கிருக்காக. வேற ஒண்ணும் இல்ல. கேக்குறவுககிட்ட சொல்லுங்க.”

அவர் தராசைக் கீழே வைத்தார். “சரித்தா” என்றார்.

மதினி வீட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் போனார். பிள்ளைகளிடம் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். பாதி வழியில் நின்று திரும்பினார். அண்ணன் இன்னும் படகுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், காலைல எப்பக் கிளம்பணும்?”

அண்ணன் எழுந்து நின்றார்.

“விடியிறதுக்கு முன்னாடித்தா. பரிசலுக்காரங்க வந்துருவாக.”

“நானும் வாரேன். அந்தப் பெட்டிக்குப் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

பூட்டு வாங்க ஆண்டிபட்டிக்கு நான்தான் போனேன். ஒற்றைச் செருப்போடு பஸ் ஏற முடியாது என்பதால் அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு போனேன்.